செருப்புக்குக் காவல்

சுற்று 38 | 05:40

பதிவு எழுதுபவர்: ஜெசிந்தா பர்னாந்து, சுற்றுக்கல விமானி.

மின்சாரம் சரி. உயரம் சரி. காற்றைச் சுத்தம் செய்யும் கருவிதான் முந்தாநாளிலிருந்து முனகுகிறது. அதனால் பயணத்தைச் சுருக்கிவிட்டார்கள். நிலவில் இறங்கியிருக்கும் கேப்டன் நாச்சியப்பனும் பாறை ஆய்வாளர் ரிஸ்வானாவும் இன்றே வேலையை முடித்து மேலே வந்துவிட வேண்டும்.

அப்போலோ காலத்து ஏற்பாடுதான் இதுவும். இருவர் இறங்குவார்கள், ஒருவர் மேலே சுற்றிக்கொண்டு காத்திருப்பார். நிலவில் நடந்த பன்னிரண்டு பேரைப் பாடப்புத்தகம் சொல்லும். மேலே சுற்றியவர்கள் கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருந்தவர்கள். என்னிடம் நிஜமாகவே செருப்பு இருக்கிறது. இருவரும் கழற்றிவிட்டுப் போன துணிச்செருப்புகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரிஸ்வானாவுடையதில் பூப் போட்டிருக்கும்.

சுற்று 39 | 07:50

பழைய அப்போலோ தளத்தை அடைந்துவிட்டார்கள். பக்கத்தில் இறங்கினால் புழுதி பறந்து பழைய காலடித் தடங்கள் அழிந்துவிடும் என்பதால், லேண்டரைத் தள்ளி இறக்கிவிட்டு ரோவரில் போனார்கள்.

ரிஸ்வானா: “அக்கா, தடமெல்லாம் அப்படியே இருக்கு. நேத்து நடந்துட்டுப் போன மாதிரி. எனக்கு அழுகையா வருது.”

கேப்டன்: “ஹெல்மெட்டுக்குள்ள அழுதா துடைக்க முடியாது, பாத்துக்க.”

பாறை பொறுக்கிக்கொண்டே தளத்தின் எதிர்ப்புறம் வந்துவிட்டதால், லேண்டருக்குத் திரும்புவதற்கான நேர்வழி அந்தத் தடங்களின் மேல்தான் போகிறது. அவசரமென்றால் மிதிக்கலாம் என்று விதியே சொல்கிறது. கேப்டனுக்கு மனசு வரவில்லை. காரைக்குடிக்காரர். வாசலில் கோலம் இருந்தால் சாக்கடை ஓரமாகவாவது சுற்றிப் போவாரே தவிர மிதிக்கமாட்டார். “கொஞ்சம் சுத்திப் போனா என்ன குறைஞ்சிடப் போகுது?” என்று பக்கத்திலிருந்த பள்ளத்தின் விளிம்புப் பக்கம் ரோவரைத் திருப்பினார். அதற்குள் நான் நிலவின் மறுபக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு குரலும் எட்டாது.

சுற்று 40 | 09:45

விளிம்பு சரிந்து ரோவர் கவிழ்ந்துவிட்டது. கேப்டனின் கால் அதன் அடியில். ரிஸ்வானா எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. உடனே நேர்வழியில் நடந்தால் லேண்டர் வரைக்கும் அவள் காற்று போதும். ஒருத்திக்கு மட்டும்.

கேப்டன்: “கிளம்பு ரிஸ்வானா. இது உத்தரவு.”

நான்: “தடத்தைப் பாக்காத தங்கச்சி. மிதிச்சிட்டு நேரா போ.”

கிளம்பிவிட்டாள். அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. இன்னும் சற்று நேரத்தில் நான் மறுபடி மறைந்துவிடுவேன். பயமாக இருக்கிறது. மாதாவே, அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

சுற்று 41 | 11:45

தொலைநோக்கிக் கேமராவில் பார்த்தேன். பழைய தடங்களின் மேலே புதிதாய் ஒரு வரிசை நேராகப் போகிறது. பாதிக்கு மேல் போயிருக்கிறது. பிறகு நிற்கிறது. பிறகு திரும்பி ரோவருக்கே வருகிறது.

ரிஸ்வானா: “அவரு கூப்பிடல அக்கா. ‘ஜாக்கிரதையா போம்மா’ன்னுதான் சொன்னாரு. அதுக்கு மேல என்னால நடக்க முடியல.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள், பாவி. இனி லேண்டர் வரை நடக்க அவளிடம் காற்று இல்லை; அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். எனக்குக் கீழே இறங்க வழியில்லை. இந்தக் கலத்துக்குக் கால்களே கிடையாது.

பூமி: “ஜெசிந்தா, அடுத்த மறைவுல இன்ஜின் தானா ஓடும். கன்ட்ரோலை நாங்க எடுத்துக்கிட்டோம். நீங்க தனியாத்தான் திரும்பணும். மன்னிச்சிடுங்க.”

இன்னொரு சுற்று தாமதித்தால் வீடு சேரும்வரை என் காற்றும் போதாதாம். நியாயம்தான். ஆனாலும் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பூட்டிவிட்டார்கள்.

திரும்பும் பாதை | 12:50

இன்ஜின் ஓடி முடிந்தது. நிலவு பின்னால் போகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் நிலவு அவர்கள் குரலை மறைத்துவிடும். அப்போதெல்லாம் எரிச்சல்படுவேன். இந்தப் பாதையில் மறைக்க ஒன்றுமே இல்லை. காதுக்குள் பேசுவதுபோல் கேட்கிறது.

12:58

ரிஸ்வானா: “அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

இருக்கேன் என்றேன்.

13:20

கேப்டன் பேசவில்லை. தூங்குகிறார் என்கிறாள்.

13:41

ரிஸ்வானா: “என் செருப்பு பத்திரமா இருக்கா?”

கையில்தான் வைத்திருக்கிறேன் என்றேன். சிரித்தாள்.

13:52

ரிஸ்வானா: “அக்கா... இருக்கீங்களா?”

இருக்கேன்.

13:55

இருக்கேன் ரிஸ்வானா.

14:10

இருக்கேன்.