பட்டையோடு புதைத்த கம்பங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். என் முட்டிவலியும் சுகமாகவே இருக்கிறது, ஒருநாள்கூட லீவு போடுவதில்லை. ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அத்தை போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் அம்மாடி. நம் பால்காரர் கால் உடைந்து படுத்திருக்கிறார். போன வாரம் அவர் வேலியில் ஒரு கம்பம் முறிந்து கறுப்பு மாடு ரோட்டுக்குப் போய்விட்டது, பிடிக்க ஓடியவர் மேல் மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. மாடு முட்டித்தான் முறிந்தது என்றார்கள், நானும் கூட நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தக் கம்பம் நான் செய்து நட்டது. முறிந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தரைமட்டத்தில் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. தைலமரத்தை வெட்டினால் பட்டையை முழுசாக உரித்து, மாதக்கணக்கில் காயவிட்டு, மண்ணுக்குள் போகும் பாகத்தைத் தீயில் கருக்கித்தான் நட வேண்டும். மழை வருகிறதே என்ற அவசரத்தில் நான் மேல்பாதியை மட்டும் உரித்தேன், அடியைப் பட்டையோடு பச்சையாகவே புதைத்தேன். மண்ணுக்குள்ளே யார் எட்டிப்பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டைக்குள் ஈரம் தங்கிக் கறையானுக்கு விருந்து வைத்தமாதிரி ஆகிவிட்டது. நான் போன பிறகும் இது நிற்கும் அண்ணே என்று அன்றைக்கு அவரிடம் பீற்றிக்கொண்டேன். பார், நான்தான் நிற்கிறேன்.

பால்காரர் மாட்டைக் கறிக்கு விற்க ஆளுக்குச் சொல்லிவிட்டார் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில்லாத ஜீவன் மேல பழி விழுது, வாயிருக்கிற நீங்க சும்மா உக்காந்திருக்கீங்களே என்றாள் அம்மா. முந்தாநாள் போய்க் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மத்த முப்பத்தாறும் இப்படித்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாண்ணே என்றேன். மாடு வாங்க வருகிறவனை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார் மனைவியிடம்.

நேற்றிலிருந்து ஒவ்வொரு கம்பமாகத் தோண்டி மாற்றுகிறேன். முழுசாக உரித்துக் காயவைத்தவை நம் பட்டறையில் இருந்தன, அடியைத் தீயில் கருக்கி, முட்டி திட்டத் திட்டச் சுமந்து போகிறேன். குழியில் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியையும் அவர் ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டுகிறேன். இன்றைக்குக் காலையில் விரலைச் சுழற்றினார், மறுபக்கத்தையும் காட்டு என்று. திருப்பிக் காட்டினேன். தலையசைத்த பிறகுதான் இறக்கினேன்.

நீ அவருக்குப் போன் போட்டுக் கால் எப்படி இருக்கிறது என்று கேள், மறந்துவிடாதே. எனக்காக மட்டும் பரிந்து பேசாதே அம்மாடி. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் முப்பத்தொரு கம்பம் பாக்கியிருக்கும்
உன் அப்பா