வலது காதுக்கு மேலே

12 ஜூன் 2004, சனி

சின்ன வயதில் வெந்நீர் கொட்டி, வலது காதுக்கு மேலே முடியே முளைக்காமல் போன தழும்பை இன்று சென்னை டாக்டரிடம் காட்டினோம். விக் வைக்கலாம் என்றார். இல்லையென்றால், பக்கத்துத் தோலுக்கு அடியில் பலூன் வைத்து, மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றி, முடியோடு விரிந்த தோலை இழுத்துத் தழும்பு இருந்த இடத்தில் தைக்கலாமாம். அதுவரை தலை புடைத்துக்கொண்டிருக்கும்.

மதுராந்தகம் திரும்பும் பஸ்ஸில், "உங்களுக்கு எது சரின்னு படுது?" என்று இவரிடம் கேட்டேன்.

"தல உன்னுது. உனுக்கு இன்னா வேணும், சொல்லு."

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அம்மா மறைக்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். பஸ் படாளம் நிறுத்தத்தைத் தாண்டியதும் சொன்னேன்.

"ஆபரேஷன்."

"அந்தத் தலையோட ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போவியா?"

"போவேன்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரமாகியும் பயம் போகவில்லை. ஆசையும் போகவில்லை.