கறிக்கு எடுத்த மீன்

பெரியகல்லாறு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் அன்ரோவுக்கு அம்மா எழுதுவது.

உன்னைத் தொடர்ந்து சுற்றுலா வழிகாட்டியாக வைத்திருப்பதா என்று உன் கம்பனி வியாழக்கிழமை முடிவெடுக்கும் என்று நேற்று மாலை அறிந்தேன். நீ அனுப்பியதை உன் அக்கா டினோஷா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். வழிகாட்டியின் தாய் தங்கள் மீனைத் திருடினாள் என்று அந்த ஜேர்மன்காரர் இணையத்தில் எழுதியிருக்கிறாராம். அம்மாவுக்கு மறதி நோய் என்று நீ எழுதிக் கொடுத்தால் விசயம் அத்தோடு முடியும் என்று மேலாளர் சொல்கிறாராம். அதற்கு என் சம்மதத்தைக் கேட்கிறாய்.

சம்மதம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன். குரலில் அனுப்பினால் நடுவில் குரல் தழுதழுக்கும், அம்மா இளகிவிட்டாள் என்று எண்ணுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். டினோஷா படம் பிடித்து அனுப்புவாள்.

இங்கே எல்லாரும் சுகம். வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது. கரைவலை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். டினோஷாவின் முதுகு வலி பரவாயில்லை.

எனக்கு மறதியா என்று நீயே பார். நோர்வேக்கு வந்த என்னை, உன் வேலையைக் காட்ட வேண்டும் என்று நீதான் அந்தப் பயணத்தில் சேர்த்தாய். நீ, நான், அந்த ஜேர்மன்காரரும் அவர் மனைவியும். பனி ஸ்கூட்டர் இழுத்த வண்டியில் மான் தோலைப் போர்த்திக்கொண்டு ஏரிக்குப் போனோம். தண்ணீருக்கு மேல் நடக்கிறேன் என்று நான் சொன்னதும், “பேதுருவும் கொஞ்சத் தூரம் நடந்துதான் மூழ்கினவர், கவனம் அம்மா” என்றாய். நீ உறைந்த ஏரியில் ஆளுக்கொரு குழி துளைத்தாய். குட்டைத் தூண்டிலைத் தந்து எப்படி அசைப்பது என்று பாடம் எடுத்தாய். பெரியகல்லாற்று மீன்காரிக்கு மீன் பிடிக்கப் பாடம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

என் குழியில் ஒன்றும் கடிக்கவில்லை. அந்த மனிதருக்கு முதலில் ஒரு சின்னது வந்தது. அடுத்து வந்தது பெரியது. குழியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது, நூல் அறுகிற நிலை. நீ தூரத்தில் அவருடைய மனைவியின் குழியில் பனி அள்ளிக்கொண்டிருந்தாய். நான் கையுறையைக் கழற்றி, முழந்தாளிட்டு, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, செவுளுக்குள் விரல் கொடுத்து இழுத்துப் போட்டேன். அவர் கைதட்டினார். சின்ன மீனைக் காட்டி, எனக்கா என்பதுபோல் என் நெஞ்சைத் தொட்டேன். தலையாட்டினார். எடுத்துப் பையில் போட்டேன். பகல் வெளிச்சத்தில், அவர் கண்ணுக்கு முன்னால்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் நீ பையைப் பார்த்தாய். “அம்மா, அது அவங்கட மீன்” என்றாய். “நான் கையக் குடுத்து இழுத்த மீன் மனே” என்றேன். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். நீ இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாய்.

அவர் தலையாட்டியது எனக்குத் தந்ததாகவா, பெரிய மீன் கிடைத்த சந்தோசத்திலா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஊரில் வாயால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால், கேட்காததற்கு மன்னிக்கச் சொல். அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடு. களவு என்று எழுதாதே. நோய் என்றும் எழுதாதே.

இன்று காலை கரைக்குப் போய் வலைச் சொந்தக்காரர் ஜெயராஜாவிடம் முழுவதையும் சொன்னேன். வலைக் கயிறு பிடித்து இழுத்தவர்கள் கறிக்கு மீன் எடுப்பது களவா என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “கயிறு புடிச்ச கைக்குக் குடுக்காட்டி, நாளைக்கு வலைய ஆரு இழுக்கிற? அந்தத் துரைய இஞ்ச வரச் சொல்லு. இழுக்கட்டும், அவருக்கும் ரெண்டு மீன் எடுக்கலாம்” என்றார். அதையும் உன் மேலாளரிடம் சொல்.

உன் அப்பா போன பிறகு அந்தக் கயிற்றை ஆம்பிளைகளோடு நின்று இழுத்தவள் நான். வலை கரையேறியதும் குனிந்து கறிக்கு எடுத்துக்கொண்டு வருவேன். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நீயும் அக்காவும் வளர்ந்தது அந்த மீனில். அந்த ஏரியில் நான் புத்தி பேதலித்து எடுத்தேன் என்று நீ எழுதினால், இந்தக் கரையில் எடுத்ததை எல்லாம் என்னவென்று எழுதுவாய்?

வேலை போனால் போகட்டும் என்று லேசாகச் சொல்லவும் என்னால் முடியாது. அந்த வெள்ளை வெளியில் நீ நடந்த நடையைப் பார்த்தேன். இங்கே நீ அப்படி நடந்து நான் கண்டதில்லை. அது உன்னை விட்டுப் போகக்கூடாது என்று தினமும் கோயிலில் கேட்கிறேன். ஆனாலும் அதற்கு விலையாக என் புத்தியைக் கொடுக்க மாட்டேன்.

வியாழன் அங்கே காலைக் கூட்டம் என்றால் இங்கே பின்னேரம். அதுவரை என் பக்கத்தில் சொல்ல வேறொன்றும் இல்லை. வெறும் வயிற்றோடு போகாதே. அம்மாவைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனியாமல் பதில் சொல். அந்தோனியார் உன் பக்கத்தில் நிற்கட்டும். முடிவு எதுவானாலும் அக்காவுக்கு அல்ல, எனக்கு நேரே போன் எடுத்துச் சொல் மனே. நான் போனைக் கையில் வைத்திருப்பேன்.

உன் அம்மா,
செபஸ்தியம்மா