மாமரத்தடியில் பெயர்த்த கல்

கோவிலம்பாக்கம்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஷ்யாமுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், அவர் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. ஹாம்பர்க் குளிரில் நீயும் ப்ரியாவும் குழந்தை ஸ்நேகாவும் பத்திரமாக இருக்கிறீர்கள்தானே? போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதி வாட்ஸப்பில் போட்டோ அனுப்புகிறேன், முழுக்கப் படி. கொல்லை மாமரம் பட்டுப்போச்சு, அதை வெட்டிவிட்டுக் கல் போட்டு மூடினால் கார் நிறுத்தலாம் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டாயாமே. வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக அப்பா சொன்னார்.

மரம் ஏன் வாடியது தெரியுமா, நம்மால்தான். வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம், பயத்தில் நீ அங்கிருந்து சொல்ல நான் இங்கே தலையாட்ட, யாரோ இடித்த வீட்டு ரப்பிஷை லாரியில் கொண்டுவந்து கொட்டிக் கொல்லையை உயர்த்தி, அடிமரம் வரை பேவர் கல் பதித்தோம். சேறே இல்லை என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு சருகு விழுந்தாலும் விடிந்ததும் கூட்டிக் கொளுத்திவிடுவேன், நான் சுத்தக்காரி ஆச்சே! மழையோ இப்போதெல்லாம் ரெண்டே நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, அதுவும் கல் மேல் ஓடி கேட் வழியாகத் தெருவுக்கு. அப்புறம் மாசக்கணக்கில் வெயில், வேருக்கு ஒரு சொட்டு கிடையாது. சித்திரையில் போர் மோட்டார் வெறும் காற்றை இறைத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆடியில் கிளையெல்லாம் காய ஆரம்பித்ததும்தான் உறைத்தது, நானும் அப்பாவுமாக மரத்தைச் சுற்றி முப்பது கல்லைப் பெயர்த்தோம். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் கத்துவாய். அடியில் மண் சாம்பல் மாதிரி இருந்தது, முகர்ந்தால் மண்வாசனை இல்லை, ஒரு எறும்புகூட இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்டா. பின்வீட்டு ஜோசலின், காட்டாங்குளத்தூரில் காலேஜ் டீச்சர், அவள்தான் ரப்பிஷை அள்ளிவிட்டுச் சருகைக் கொளுத்தாமல் மண்மேல் பரப்பி மூடுங்க ஆன்ட்டி, மண்ணில் உயிர் வந்தால் ஈரம் தானாக நிற்கும் என்றாள். தெருவில் கொளுத்த வைத்திருந்த சருகையெல்லாம் கோணியில் கட்டிக்கொண்டு வந்தேன், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். இந்தத் தடவை மழை நின்று எட்டு நாளாச்சு. இன்று காலை சருகை விலக்கினால் மண்புழு! ஒன்றில்லை, ஏழு. விரல் ஈரமண்ணில் முழுசாக இறங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் கிழக்குக் கிளையில் சிவப்பாகத் தளிர். மரம் பிழைத்துவிட்டது, எனக்குச் சந்தேகமே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதே. பொங்கலுக்கு வரும்போது பழைய செருப்பு எடுத்து வா, கொல்லையில் சேறு இருக்கும், ஸ்நேகா ஆசைதீர மிதிக்கட்டும். மூணு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, வெள்ளிக்கிழமை ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே. வரட்டும். ரம்பம் வேண்டாம், கடப்பாரையோடு வாப்பா என்று நானே போன் பண்ணிவிட்டேன். மீதிக் கல்லையும் பெயர்க்கணும்.

உன் அம்மா,
நாகலக்ஷ்மி