சிவப்புக் கோட்டை எட்டியவள்

என்னங்க,

எல்லோரும் சுகம்தானே? மாமாவின் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை. இங்கே நான் வேலை பார்க்கும் ஹோட்டல் சலவை அறையில் நேற்று இஸ்திரிப் பெட்டி கையில் லேசாகச் சுட்டுவிட்டது. உங்கள் மேலிருந்த கோபத்தில்தான் சுட்டது.

நான் லீவில் வருவதற்குள் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக என்ன அவசரம்? "ஃபேமிலி டிக்கெட்ல பெரியவங்க ரெண்டு பேர் போகலாம், ஒரு இடம் வீணாப் போகுதே, எங்க அக்கா வரட்டும்" என்று போனில் சொல்கிறீர்கள். அந்த வீணாய்ப் போகிற இடம் யாருடையது?

போன தடவை சின்னவளின் தலை, உயரம் பார்க்கிற சிவப்புக் கோட்டை எட்டவில்லை என்று ராட்டினத்தில் ஏற்றவில்லை. "அடுத்த தடவை அம்மாகூட ஏறலாம்டி" என்று அழுகையை நிறுத்தியவள் நான். இப்போது எட்டிவிட்டாளாம், அத்தையோடு ஏறுவாளாம்! நான் என்ன செத்தா போய்விட்டேன்?

போய்த் தொலையுங்கள். அந்த ராட்டினத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் வாந்தி எடுப்பாள், மாற்று கவுன் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிற வண்டி ஹார்ன் அடிக்கிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள். அவளைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து உச்சந்தலை வரை நூல் பிடித்து, வெட்டி அனுப்புங்கள். எக்கி நிற்பாள், குதிகாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். துணி தைக்க இல்லை. நான் கிளம்பும்போது என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதவள், இப்போது எதுவரை வருகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.