சங்கிலிக்கு எந்த எண்ணெய், ரேவதி?

எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த ரேவதிக்கு,

உன் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஐப்பசியில் உன் அம்மா அதை என் கையில் கொடுத்தாள். ஆலத்தியூரிலிருந்து மெயின் ரோடு வரை அதில் போய், அரியலூர் பஸ் பிடிக்கிறேன். ஆடிட்டர் ஆபீசில் வேலை. அங்கே என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை, நானும்தான்.

மார்கழி பிறந்ததும் சங்கிலி கிறீச்சிட ஆரம்பித்தது. ஒருநாள் உன் வீட்டைத் தாண்டும்போது அத்தை கூப்பிட்டாள்.

"அந்தச் சத்தம் கேட்டா அவ வராப்புலயே இருக்குடி. வாசலுக்கு ஓடியாந்து ஏமாந்து போறேன். பொங்கலுக்குள்ள நிறுத்து. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என்ன செய்வேன்?

கடைக்குப் போய்க் கேட்கக் கூச்சம். வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயை ஊற்றினேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் காலைக் குளிரில் எண்ணெய் உறைந்து, சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியும் சேர்ந்து, விபூதியைக் குழைத்து அப்பியது போல் ஆயிற்று. சத்தம் முன்னைவிட அதிகம்.

"நம்ம ரெண்டு வூட்டுக்கும் ஒரே டிகிரி நீதான். ஒரு சங்கிலி ஒனக்கு அடங்கலியா?" என்றாள் அத்தை.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். "நீ நில்லு, நான் கேக்கறேன்" என்பாயே, அந்த இடத்தில் போய் நின்றேன். கேட்க யாருமில்லை. கடைக்காரர் சங்கிலியைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"என்னம்மா, தலைக்குத் தேய்க்கிறத இதுக்குத் தேச்சிருக்கீங்க? பூ வெக்கலியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"கிரீஸ் போட்டுடறேன். மூணு மாசத்துக்குக் கவலயில்ல."

எப்படி வாய் வந்ததோ. "கிரீஸ் வேணாங்க. எங்க ரோடு முழுக்க லாரித் தூசி, அப்பிக்கும். லேசா எதுனா குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப தையல் மெஷின் ஆயில்தான். கண்ணிக்கு ஒரு சொட்டு, வழியறதத் தொடச்சிடணும். ஆனா வாரா வாரம் போடணும். முடியுமா?"

"முடியுங்க."

ஞாயிறு மத்தியானம்தான் எனக்கு வாரத்திலேயே நீளமானது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த பொழுது அது. இப்போது அதற்கு ஒரு வேலை கிடைத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியாய்ச் சொட்டு விட்டேன். பெடலைக் கையால் சுற்றினேன். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை உன் வீட்டைத் தாண்டும்போது ஜெயித்தது போல் இருந்தது. சாயங்காலம் அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"காலைல நீ வேலைக்குப் போவலியாடி? சத்தத்தயே காணும். எட்டு மணி வரைக்கும் இங்கயே நின்னேன்."

"நீதான அத்தே நிறுத்தச் சொன்ன."

அவள் இரும்புக்கடைப் பேச்சை எடுக்கவில்லை. சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் செய்தது சரியா, ரேவதி? தெரியவில்லை. ஆனால் நாளையிலிருந்து, தெருவே திரும்பிப் பார்த்தாலும் சரி, உன் வீட்டு வாசலில் "அத்தே, போயிட்டு வரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உன் மாமன் மகள்,
கௌசல்யா