சபுறு மச்சான், மூடி சுடும்

மச்சான்,

இன்று காலை வாசலில் அந்த மணம் வந்தது. கூலன்ட் கசிந்து சூட்டில் காயும்போது வருமே, பாணி காய்ச்சுவது மாதிரி ஓர் இனிப்பு மணம். மகள் நிந்தவூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். பானட்டைத் தூக்கி, பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனாள். "சபுறு! சபுறு!" என்று கத்திவிட்டேன்.

"என்ன வாப்பா, ஆரும் மவுத்தா?" என்று சிரிக்கிறாள். உன்னால் வந்த வினை.

சாவு விழுந்த மையித்து வீட்டில் ஆறுதலுக்கு முஸ்லிம்கள் நாங்கள் சொல்லும் சொல் அது. நீ தேநீர்க் கடையில் எங்கேயோ கேட்டுவிட்டு, 'கொஞ்சம் பொறு' என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் என்று நினைத்துக்கொண்டாய். மூடி சுடும்போதெல்லாம் அதைச் சொன்னாய். நான் திருத்தப் பார்த்தேன். "ஏன், வேனுக்கு மவுத்து வராதா?" என்று கேட்டாய். அதோடு விட்டுவிட்டேன்.

நம் இருவருக்கும் ஒரே வேன். கல்முனையிலிருந்து தெற்கே போனால் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும். நாடு கொதித்துக் கிடந்த காலத்தில் சாய்ந்தமருதில் நான் ஓட்டுவேன், தமிழ் ஊரான காரைதீவு எல்லையில் நீ, நிந்தவூர் வந்தால் திரும்பவும் நான். இறங்கி இடம் மாறும்போது வேனின் முன்னால் ஒருவரையொருவர் கடப்போம். நீ சும்மா கடக்க மாட்டாய். முன்வலையில் கை வைத்துச் சூடு பார்ப்பாய், குனிந்து சொட்டுப் பார்ப்பாய். நானும் பார்க்கப் பழகினேன். "ரெண்டு பேரும் வேனுக்கு ஓதி ஊதுறாங்க" என்று உள்ளே இருக்கிற சனம் கேலி செய்யும்.

"எஞ்சின்ட சூட்டத் தண்ணி வாங்கிக்கொண்டு வருது. இந்த மெல்லிய குழாய்க்குள்ளால இறங்கக்குள்ள காத்துக்கிட்டக் குடுத்துட்டுத் திரும்பிப் போகுது. தண்ணியும் வேணும், காத்தும் வேணும் மச்சான். ஒண்டு இல்லாட்டி மற்றது வீண்" என்பாய்.

கடல் ஊருக்குள் வந்த அன்று, நிறைமாதமாக இருந்த என் மனைவியை இடிந்த சுவருக்குக் கீழிருந்து எடுத்தோம். இரத்தம் நிற்கவில்லை. சேறும் வைக்கோலும் மிதந்த ஒழுங்கைக்குள் வேனைவிட்டு அவளை ஏற்றினாய். சம்மாந்துறை தாண்டி, அம்பாறைக்குப் போகும் வயல்வெளியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஆவி பறந்தது. நான் இறங்கி மூடிமேல் பாய்ந்தேன். நீ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாய்.

"சபுறு மச்சான். இப்ப திறந்தாக் கொதிதண்ணி உன்ட முகத்துக்குத்தான் வரும். உள்ளுக்கும் தண்ணி மிஞ்சாது. மறுகா அவவ என்னத்தில கொண்டுபோற?"

ரேடியேட்டரின் தகடுகளுக்குள் சேறு அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் கிடந்தது. சட்டைப்பையில் இருந்த சீப்பால் அதைக் கிளறி எடுத்தாய். உள்ளே அவள் முனகினாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மூடியில் கை வைக்க முடிந்த பிறகுதான் துணியைப் போட்டுக் கொஞ்சமாகத் திருகி, மிச்ச ஆவியைப் போகவிட்டுத் திறந்தாய். சீற்றுக்கு அடியில் எப்போதும் வைத்திருக்கும் கேனிலிருந்து, எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாய். முள் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகுதான் வாய் திறந்தாய். "நான் கிறுகி ஊருக்குப் போறன் மச்சான். அம்மாவ இன்னும் காணல்ல."

வயல் நடுவில் நீ சொன்ன சபுறு எனக்கு மட்டும் சொன்னதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நாம் தாண்டிப்போன சம்மாந்துறைப் பள்ளிவாசலில், யாரோ கொடுத்த முக்காட்டோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம் உன் அம்மா. அல்ஹம்துலில்லாஹ். என் வீட்டிலும் இரண்டு உயிர் தப்பியது.

அதற்குப் பிறகு கிணறெல்லாம் உவர்த்துப் போனது. அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நீ வேனுக்குக் கொடுக்கவில்லை. "உப்பு உள்ளுக்குள்ள திண்டுடும்" என்று கூலன்டோடு நல்ல தண்ணீர் கலந்து ஊற்றினாய். தகடு வளையாமல் பின்பக்கத்தால் மெதுவாக நீர் விட்டுத் தூசு கழுவினாய், இளகிய ஹோசை வெடிக்கும் முன்பே மாற்றினாய். சண்டை முடிந்தது. இடம் மாறத் தேவையில்லை. ஆனாலும் காரைதீவில் நிறுத்துவாய். "ஏன்டா?" என்றால், "தண்ணி பார்க்க" என்பாய்.

உன் சாவு வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்று, உன் மனைவியிடம் "சபுறு செய்யுங்க தங்கச்சி" என்றேன். "அது வேனுக்குச் சொல்றதுதானே அண்ணன்" என்றார். அழுகைக்கு நடுவிலும் லேசாகச் சிரித்தார். நீ சிரிக்க வைத்ததுதான் அதுவும்.

இன்று ஹோஸ் மாற்றியானதும் மகளோடு கிளம்பினேன். காரைதீவு எல்லையில் நிறுத்தச் சொல்லி, இறங்கி முன்னால் நடந்தேன். முன்வலையில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் வந்தாள், அன்று வயல் நடுவில் நீ காத்துக்கொடுத்தவள். என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"சுடல்ல வாப்பா" என்றாள்.